காலையில் கேட்டது, மதியம் கேட்கவில்லை: லினக்ஸ் ஒலி டிரைவரில் பிழை நீக்கும் வழிமுறை

கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். மைக் செட் எங்கள் சித்தப்பாவுடையது. காரைக்குடியிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தோம். நாகஸ்வரம் ஓய்ந்த நேரங்களில் பாட்டுப் போடுவது என் மடிக்கணினி. அதில் ஓடுவது லினக்ஸ். விடியற்காலையிலிருந்து பதினொரு மணி வரை ஒரு குறையும் இல்லை. பந்திக்குப் போகும்போது மூடியைச் சாத்திவிட்டுப் போனேன். சாப்பிட்டு வந்து திறந்து மறுபடி பாட்டைப் போட்டதும், இரண்டாம் கட்டிலிருந்து வந்த ஆச்சி ஒருவர் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்கள்: "தம்பி, காலையில கணீர்னு கேட்டுச்சே. இப்ப என்ன, கிணத்துக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு?"

சித்தப்பா மிக்சரில் கெயினை ஏற்றினார். பாட்டு ஏறியது, கூடவே 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறியது. ஒயரை மாற்றினோம், மிக்சரில் வேறு சேனலில் செருகிப் பார்த்தோம். கடைசியில் கணினியை அணைத்துப் போட்டேன், சரியாகிவிட்டது. அன்றைக்கு அத்தோடு விட்டோம்.

அந்தப் பிழையின் வேரைப் பிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆச்சி சொன்ன "காலையில", "இப்ப" என்ற இரண்டு சொற்களை நான் முதலிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் மூன்று நாளில் முடித்திருப்பேன். காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: கணினி தூங்கி எழுந்தது. ஒலிப் பிழையில் என்ன கேட்கிறது என்பதோடு எப்போது கேட்கிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த வழிமுறையை அறிகுறி வாரியாக எழுதுவதற்குக் காரணம் அதுதான். உங்கள் அறிகுறி எதுவோ அந்த இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்

லினக்ஸில் ஒலி போகும் பாதை இது. பாட்டு இயக்கும் செயலி தன் தரவைப் பைப்வயர் அல்லது பல்ஸ்ஆடியோ என்ற ஒலிச் சேவை நிரலிடம் கொடுக்கும். அது, லினக்ஸின் மையமான கெர்னலில் உள்ள அல்சா என்ற ஒலி அமைப்பிடம் கொடுக்கும். அல்சாவின் டிரைவர், அதாவது ஒலி வன்பொருளை இயக்கும் நிரல், அதை நினைவகத்தில் ஒரு வட்ட இடையகத்தில் (கடைசிக்கு வந்ததும் முதலிலிருந்து தொடங்கும் தற்காலிக இடம்) வைக்கும். கணினியின் ஒலிக் கன்ட்ரோலர் அங்கிருந்து தானே எடுத்து, கோடெக் என்ற சிறு சிப்புக்கு அனுப்பும். கோடெக் அதை மின்னலையாக மாற்றி ஜாக்குக்குத் தரும். அல்சாவை 1998-இல் தொடங்கியவர் யாரோஸ்லாவ் கைசெலா. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலிலிருந்து லினக்ஸின் முதன்மை ஒலி அமைப்பு அதுதான். இன்று நம் கையில் இருக்கும் மடிக்கணினிகளில் பெரும்பாலானவை இன்டெல் 2004-இல் வெளியிட்ட 'ஹை டெஃபனிஷன் ஆடியோ' வரையறைப்படி, அதாவது எச்டிஏ முறையில், வேலை செய்பவை. கீழே சொல்வதெல்லாம் எச்டிஏவுக்குத்தான். யுஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கு இது பொருந்தாது.

முதல் வேலை, பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பது. பைப்வயரைச் சற்று நிறுத்திவிட்டு, 'ஏபிளே' கட்டளையால் ஒரு வேவ் கோப்பை நேரடியாக வன்பொருள் சாதனத்துக்கு அனுப்புங்கள். பிழை போய்விட்டால் டிரைவரைத் தொட வேண்டாம், மேலே உள்ள அடுக்கில் தேடுங்கள். பிழை அப்படியே இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

இரண்டாவது, எங்கே நின்று கேட்கிறீர்கள் என்பது. நம் செட்டிநாட்டு வீடுகளின் வளவில் நின்று ஒலியைச் சோதிக்காதீர்கள். ஆத்தங்குடிக் கல் தரை, பளபளவென்று காரை பூசிய சுவர், நடுவில் திறந்த முற்றம்: ஒரு சின்ன 'டிக்' அங்கே நாலு தடவை மோதிக் கரைந்துவிடும். சீராக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்று காதால் பிரிக்கவே முடியாது. ஹெட்போனில் கேளுங்கள். அல்லது மிக்சர் வழியே வேறொரு கருவியில் பதிவு செய்து அலைவடிவத்தைப் பாருங்கள்.

மூன்றாவது, இதைத்தான் அதிகம் வலியுறுத்துவேன்: எல்லாம் நன்றாக ஓடும் நாளில் ஒரு பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'ப்ராக்' அடைவில் 'ஏசவுண்ட்' என்ற உள்ளடைவும், அதற்குள் 'கார்டு0' என்பதும் இருக்கும். அதில் கோடெக் என்று தொடங்கும் கோப்பைப் படித்தால் அந்தச் சிப்பின் ஒவ்வொரு உறுப்பும், ஒவ்வொரு பின்னும் (ஜாக், ஸ்பீக்கர் போன்றவை சேரும் முனை) இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று வரும். அதை வேறு இடத்தில் நகல் எடுத்து, தேதி போட்டு வையுங்கள். கெட்ட நாளில் ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாளின் சாட்சி வேண்டும்.

ஒலிக் கார்டே தெரியவில்லை

ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் வருகிறதா? முதலில் கெர்னல் பதிவை, அதாவது டிமெசேஜ் கட்டளையின் வெளியீட்டை, பாருங்கள். புதிய இன்டெல் மடிக்கணினிகளில் ஒலி ஒரு தனி டிஎஸ்பி (ஒலியைக் கணக்கிட்டுக் கையாளும் செயலகம்) வழியாகப் போகும். அதற்கு 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்ற கோப்புகள் வேண்டும். அவை நிறுவப்படாமல் இருந்தால் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று பதிவிலேயே எழுதியிருக்கும். அந்தப் பொதியை நிறுவினால் முடிந்தது. சோதனைக்காக, 'டிஎஸ்பி டிரைவர்' என்ற அளவுருவுக்கு 1 கொடுத்தால் பழைய எச்டிஏ வழியில் போகும். ஆனால் அப்போது மடிக்கணினிக்குள் இருக்கும் டிஜிட்டல் மைக் வேலை செய்யாமல் போகலாம்.

கார்டு இருக்கிறது, சத்தம் இல்லை

அல்சாமிக்சரைத் திறந்து 'எம்எம்' என்று மூடிக் கிடக்கும் பட்டைகளைத் திறந்துவிடுங்கள். முதல் கார்டாக எச்டிஎம்ஐ உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எச்டிஎம்ஐ முதலிடத்தில் இருந்தால் உங்கள் பாட்டு யாரும் செருகாத ஒயரில் போய்க்கொண்டிருக்கும்.

ஹெட்போனில் கேட்கிறது, உள் ஸ்பீக்கரில் இல்லை என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம். முதலாவது டிரைவரே இல்லை, செம்மண். நம் ஊர்த் தூசி ஜாக்கின் உள்ளே போய் அடைத்துக்கொண்டால், ஹெட்போன் செருகியே இருப்பதாக உணரி சொல்லிக்கொண்டிருக்கும். டிரைவர் அதை நம்பி ஸ்பீக்கரை மூடிவிடும். அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளை இன்னும் பாட்டுப் போட வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. இத்தனை வருடப் புழக்கத்தில் எந்த ஜாக்கும் தூசியில் தேயத்தான் செய்யும். அல்சாமிக்சரில் 'ஆட்டோ-மியூட்' என்பதை நிறுத்திப் பாருங்கள். ஸ்பீக்கர் பேசினால் ஜாக்கைச் சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, பின் அமைப்பு. ஒவ்வொரு பின்னும் எதனோடு இணைந்திருக்கிறது என்று, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் ஒரு 32 பிட் எண்ணில் எழுதி வைக்கும். அந்த எண் 411111எஃப்0 என்று இருந்தால் 'இந்தப் பின்னில் எதுவும் இணைக்கப்படவில்லை' என்று பொருள். ஸ்பீக்கர் இருந்தும் பயாஸ் அப்படி எழுதியிருந்தால் டிரைவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காது. 'எச்டிஏ-ஜாக்-ரீடாஸ்க்' என்ற கருவியால் அந்த எண்ணை மாற்றி எழுதிச் சோதிக்கலாம். மூன்றாவது, ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் பெருக்கியை இயக்கும் இஏபிடி என்ற ஒற்றை பிட். கோடெக் பதிவில் அந்தப் பின்னுக்குக் கீழே அதன் நிலை தெரியும். பெருக்கி இறங்கிக் கிடந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் சத்தம் வராது.

தொடக்கத்திலும் முடிவிலும் 'டப்' என்று அடிக்கிறது

மின் சேமிப்பு. பாட்டு நின்று சில நொடிகளில் டிரைவர் கோடெக்கைத் தூங்க வைக்கிறது. அடுத்த பாட்டுக்கு எழுப்புகிறது. எச்டிஏ டிரைவரின் 'பவர் சேவ்' அளவுருவை 0 ஆக்குங்கள். மைக் செட் வேலைக்கு வரும் எந்தக் கணினியிலும் இதை 0 ஆகவே வைத்திருப்பது நல்லது. பெரிய ஸ்பீக்கரில் அந்த 'டப்' அடித்தால், தூளியில் தூங்கும் குழந்தை எழுந்துவிடும்.

'உம்' என்று ஒரு தொடர் ஒலி

நம்மிடம் வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 'உம்' என்றதும் எல்லோரும் எர்த் என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். சார்ஜரைக் கழற்றுங்கள். 'உம்' நின்றால் கணினிக்கும் மிக்சருக்கும் இடையே எர்த் வளையம் உண்டாகியிருக்கிறது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மரையோ டிஐ பாக்ஸையோ நடுவில் போடுங்கள். பிளக்கின் எர்த் முனையை மட்டும் உடைக்காதீர்கள். அதை நிறையப் பேர் செய்கிறார்கள். கல்யாண வீட்டுக் கூட்டத்தில், தண்ணீர் சிந்திய தரையில், அது உயிரோடு விளையாடும் வேலை.

ஆனால் டிரைவரும் கிட்டத்தட்ட அதே 'உம்'மைத் தர முடியும். டிரைவர் இடையகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கும். ஒரு துண்டுக்குப் பெயர் பீரியட். ஒலியின் ஒரு தனி அளவீட்டுக்கு மாதிரி என்று பெயர். நொடிக்கு 48000 மாதிரி, துண்டுக்கு 1024 மாதிரி என்றால், நொடிக்கு 46.875 துண்டுகள். ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஒரு நுண்ணிய கீறல் இருந்தால் காதுக்கு அது 47 ஹெர்ட்ஸ் 'உம்' ஆகக் கேட்கும். 50-க்கும் 47-க்கும் உள்ள வேறுபாட்டை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று யார் பிரிப்பது?

பிரிக்க எளிய வழி இருக்கிறது. சத்தமே இல்லாத ஒரு கோப்பை ஓட விடுங்கள், அப்புறம் நிறுத்துங்கள். ஓடும்போது மட்டும் 'உம்' இருந்தால் அது கணினிக்குள்ளிருந்து வருகிறது. உறுதி செய்ய, துண்டின் அளவை 512 ஆக மாற்றி அதே கோப்பை ஓட்டுங்கள். விளிம்புகள் நொடிக்கு 93.75 ஆகிவிடும், 'உம்' மேல் சுருதிக்குப் போகும். மின்சாரத்தின் 'உம்' நீங்கள் எதை மாற்றினாலும் தன் இடத்திலேயே நிற்கும்.

வெடிப்பு, திக்கல்

இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சீராகவா, தாறுமாறாகவா?

தாறுமாறாக வந்தால், குறிப்பாக வேறு வேலை ஓடும்போது கூடினால், தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை. சமையற்கட்டிலிருந்து வாளி வருவதற்குள் இலை காலியாவது போல. ஏபிளே 'அண்டர்ரன்' என்று திரையில் எழுதும். பைப்வயரில் 'பிடபிள்யூ-டாப்' கட்டளையின் பிழை நெடுவரிசையில் எண் ஏறிக்கொண்டே போகும். இடையகத்தைப் பெரிதாக்குங்கள். பாட்டுப் போடும் வேலைக்குக் கால் நொடித் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. நேரடி மைக்கைக் கணினி வழியே விடுபவர்களுக்குத்தான் அது தொல்லை.

கடிகாரம் மாதிரி சீராக வந்தால் கதை வேறு. பத்து நொடிக்கு எத்தனை 'டிக்' என்று எண்ணுங்கள். அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் ஒலியின் 'எச்டபிள்யூ பாராம்ஸ்' கோப்பைத் திறந்து இடையகத்தின் அளவைப் பாருங்கள். 16384 மாதிரி என்று வைத்துக்கொள்வோம். 48000-இல் அது 0.341 நொடி, பத்து நொடியில் 29 முறை இடையகம் சுற்றி வரும். நீங்கள் எண்ணியதும் 29 என்றால், வட்டம் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஏதோ தவறுகிறது. இடையகத்தை 8192 ஆக்கி மறுபடி எண்ணுங்கள். 58 அல்லது 59 வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு வழக்கமான காரணம், கன்ட்ரோலர் இப்போது எந்த இடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது என்பதை டிரைவர் தவறாக அறிவது. அதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கன்ட்ரோலரிலேயே உள்ள எல்பிஐபி என்ற பதிவேட்டை (சிப்புக்குள் உள்ள சிறு நினைவிடம்) படிப்பது. மற்றது, கன்ட்ரோலர் தன் இடத்தை நினைவகத்தில் எழுதி வைக்கும் இடையகத்தைப் பார்ப்பது. சில கன்ட்ரோலர்களில் இந்த இரண்டும் சற்று முன்பின்னாக இருக்கும். டிரைவர் 'இந்தத் துண்டு முடிந்தது' என்று நம்பிப் புதுத் தரவை எழுதும்போது, கன்ட்ரோலர் இன்னும் அதன் கடைசி மாதிரிகளைப் படித்துக்கொண்டிருக்கும். அந்த மோதல்தான் 'டிக்'. 'பொசிஷன் ஃபிக்ஸ்' அளவுருவுக்கு 1 கொடுத்தால் எல்பிஐபி, 2 கொடுத்தால் நினைவக இடையகம். இரண்டையும் தனித்தனியே கொடுத்து, ஒவ்வொரு முறையும் எண்ணிப் பாருங்கள். துண்டு முடிந்தது என்று கன்ட்ரோலர் அனுப்பும் குறுக்கீடு மிகச் சீக்கிரம் வந்துவிடுகிறது என்று கெர்னலே கண்டுகொண்டால், 'பிடிஎல் பாஸ் அட்ஜ்' அளவுருவைப் பெரிதாக்கச் சொல்லிப் பதிவில் ஒரு வரி எழுதும். அந்த வரி இருந்தால் அதைக் கேளுங்கள்.

பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதி ஏறிவிட்டது

44100 மாதிரி வேகத்தில் பதிவான பாட்டு 48000-இல் ஓடுகிறது. மூன்று நிமிடப் பாட்டு 2 நிமிடம் 45 நொடியில் முடிந்துவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக் கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் நடுவில் பாடுவது போலக் கேட்கும். நாகஸ்வரக்காரர்கள் பக்கத்தில் இருந்தால் நீங்கள் கண்டுபிடிக்கும் முன் அவர்களே சொல்லிவிடுவார்கள். எச்டிஏவில் அடிப்படை வேகம் 48000-ஆ 44100-ஆ என்பதை முடிவு செய்வது வடிவப் பதிவேட்டின் ஒரே ஒரு பிட், 14-ஆவது பிட். கன்ட்ரோலரிலும் கோடெக்கிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். பாட்டு ஓடும்போது கோடெக் பதிவில், எண்களை மின்னலையாக்கும் உறுப்பின் வேகத்தையும் 'எச்டபிள்யூ பாராம்ஸ்' காட்டும் வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கெர்னல் பதிவில் 'பதில் வரவில்லை' என்ற செய்தி

டிரைவர் கோடெக்கிடம் பேசுவது 32 பிட் கட்டளைகளால். முதல் 4 பிட் எந்தக் கோடெக் என்பது, அடுத்த 8 பிட் அதில் எந்த உறுப்பு என்பது, மீதி 20 பிட் என்ன செய்ய வேண்டும் என்பது. கட்டளைகள் ஒரு வட்ட இடையகத்தில் போகும், பதில்கள் இன்னொன்றில் வரும். பதில் குறித்த நேரத்தில் வராவிட்டால் டிரைவர் முதலில் குறுக்கீட்டை நம்பாமல் தானே திரும்பத் திரும்பப் பார்க்கும் முறைக்கு மாறும், அதையும் பதிவில் எழுதும். அதோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் கவலை இல்லை. ஒவ்வொரு முறையும் வந்தால் எம்எஸ்ஐ வகைக் குறுக்கீட்டை (தனி ஒயரில் வராமல் செய்தியாக வருவது) நிறுத்திப் பாருங்கள். அந்தச் செய்தியில் கடைசியாகப் போன கட்டளையின் எண்ணும் இருக்கும். மேலே சொன்னபடி அதைப் பிரித்தால் எந்த உறுப்பு பேசாமல் நிற்கிறது என்று தெரிந்துவிடும். பலர் அந்த எண்ணை வெறும் குப்பை என்று தாண்டிப் போகிறார்கள். அந்தச் செய்தியில் அதிகப் பயனுள்ள பகுதி அதுதான்.

தூங்கி எழுந்தபின் ஒலி மாறிவிட்டது

இனி ஆச்சி சொன்ன பிழை. என் மடிக்கணினியில் ஹெட்போன் ஜாக் வழியே போகும் ஒலி, மூடியைச் சாத்தித் திறந்தபின் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முழுக்க அணைத்துப் போட்டால் சரியாகும்.

வேண்டியபோது பிழையை வரவழைக்க முடியாவிட்டால் அதைத் திருத்த முடியாது. 'ஆர்டிசிவேக்' கட்டளை கணினியைத் தூங்க வைத்து, சொன்ன நொடியில் தானே எழுப்பும். இருபது நொடி என்று வைத்துப் பத்துத் தடவை ஓட்டினேன். பத்து தடவையும் பிழை வந்தது. எப்போதாவது வரும் பிழையாக இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அடுத்து, எந்தத் தூக்கம் என்று பிரித்தேன். கோடெக் மட்டும் தூங்குவது ஒன்று, முழுக் கணினியும் தூங்குவது இன்னொன்று. பவர் சேவை 1 ஆக்கி, பாட்டை நிறுத்தி, சற்று விட்டு மறுபடி போட்டேன். ஒலி நன்றாகவே இருந்தது. ஆகவே கோடெக்கின் தனித் தூக்கம் காரணம் இல்லை. முழுக் கணினித் தூக்கத்திலும் இரண்டு வகை உண்டு. 'சிஸ்' அடைவில் 'பவர்' என்பதன் கீழ் 'மெம் ஸ்லீப்' கோப்பில் அவை தெரியும்: மேலோட்டமான 'எஸ்2ஐடில்', ஆழமான 'டீப்'. என் கணினி ஆழமானதில் இருந்தது. மேலோட்டமானதற்கு மாற்றினேன், பிழை காணாமல் போனது. ஆழத்துக்குத் திருப்பினேன், பிழை வந்தது. ஆழ்ந்த தூக்கத்தில் கோடெக்குக்கு மின்சாரமே போவதில்லை, அதனால் அது தன்னிடம் எழுதி வைத்ததை மறந்துவிடுகிறது. எதை மறக்கிறது என்பதுதான் மீதிக் கேள்வி.

நல்ல நிலையில் கோடெக் பதிவு, எழுந்தபின் கோடெக் பதிவு, இரண்டையும் 'டிஃப்' கட்டளையால் ஒப்பிட்டேன். ஒரு வரி வேறுபாடு கூட இல்லை. இங்கேதான் எனக்கு இரண்டு வாரம் போனது. பதிவில் மாற்றம் இல்லை, ஆகவே கோடெக் சரி என்று முடிவு செய்து, ஒயரிலும் பைப்வயரிலும் தேடிக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்தப் பதிவு காட்டுவது வரையறைக்கு உட்பட்ட பதிவேடுகளை. பட்டைகளின் அளவு, பின்களின் நிலை, இஏபிடி எல்லாவற்றையும் டிரைவர் தன்னிடம் நகலாக வைத்திருந்து, எழுந்ததும் திரும்ப எழுதிவிடும். அதனால் அங்கே வேறுபாடு தெரியாது. அதற்கு அப்பால், கோடெக் நிறுவனமே தனக்கென்று வைத்துக்கொண்ட உள் பதிவேடுகள் உண்டு, கோயெஃப் என்பார்கள். ஜாக்கின் மின்னோட்டம், ஹெட்செட் வகை போன்றவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சாதாரணப் பதிவில் அவை வராது. எச்டிஏ கோடெக் மாட்யூலின் (கெர்னலில் தனியே ஏற்றி இறக்கக்கூடிய டிரைவர் துண்டு) 'டம்ப் கோயெஃப்' அளவுருவை 1 ஆக்கினால்தான் வரும்.

அதை 1 ஆக்கி மறுபடி ஒப்பிட்டேன். ஐந்து வரிகள் மாறியிருந்தன. அவசரப்படக் கூடாது. கோயெஃப்களில் சில, யாரும் தொடாமலே தாமாக மாறிக்கொண்டிருக்கும். அதனால் நல்ல நிலையிலேயே இரண்டு பதிவு எடுத்து, அவற்றுக்குள் மாறும் வரிகளை முதலில் கழித்துவிட வேண்டும். இரண்டு முறையும் ஜாக் ஒரே மாதிரி செருகியிருக்க வேண்டும், பாட்டு ஓடக் கூடாது. கழித்தபின் மீதி நின்றது ஒரே வரி. காலையில் ஒரு எண், மதியம் வேறு எண்.

குற்றவாளி அதுதானா என்று நிரூபிக்க 'எச்டிஏ-வெர்ப்' கருவி போதும். உறுப்பு 20-க்கு (பதினாறடிமான எண்) முதலில் எந்தக் கோயெஃப் என்று ஒரு கட்டளை, அப்புறம் அதன் காலை மதிப்பை எழுத இன்னொரு கட்டளை. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கட்டளையைத் தட்டினேன். கிணற்றுக்குள்ளிருந்து குரல் ஏறி வெளியே வந்தது. வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம், வாய்விட்டுக் கத்தினேன்.

அந்தக் கோயெஃப் எண்ணை இங்கே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சிப்புக்குச் சிப்பு அதன் பொருள் மாறும். உங்கள் கணினியில் அதே எண் வேறு எதையோ திருப்பிவிடலாம். உங்கள் காலைப் பதிவில் என்ன இருக்கிறதோ அதை மட்டுமே திரும்ப எழுதுங்கள். நீங்களாக ஒரு மதிப்பைக் கற்பனை செய்து எழுதாதீர்கள்.

அடுத்த வாரம் தேவகோட்டையில் ஒரு நிகழ்ச்சி இருந்ததால், தற்காலிகமாக ஒன்று செய்தேன். கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி-யின் 'சிஸ்டம்-ஸ்லீப்' அடைவில் ஒரு சிறு ஸ்கிரிப்ட். எழுந்ததும் 'போஸ்ட்' என்ற சொல்லோடு அது அழைக்கப்படும். அப்போது அந்த இரண்டு கட்டளைகளையும் அனுப்பும். உங்களுக்கும் அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அதே மாதிரி மடிக்கணினி வைத்திருக்கும் இன்னொருவர் இதே மூன்று வாரத்தைத் தொலைக்கக் கூடாது என்றால், திருத்தம் டிரைவருக்குள் போக வேண்டும்.

டிரைவரில் ஒவ்வொரு கோடெக் நிறுவனத்துக்கும் தனி மூலக்கோப்போ சில கோப்புகளோ உண்டு. அதில் ஒரு நீண்ட அட்டவணை: இந்த மாதிரிக் கணினியா, இந்தத் திருத்தத்தைச் செய். கணினியை அடையாளம் காண்பது கோடெக் பதிவின் மேலேயே இருக்கும் 'சப்சிஸ்டம் ஐடி'. திருத்தம் ஒரு சிறு செயற்கூறு. அதை டிரைவர் பல கட்டங்களில் அழைக்கும். எந்தக் கட்டத்தில் வேலை செய்ய வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும். நான் முதலில் 'ப்ரோப்' கட்டத்தில் எழுதினேன். கணினி தொடங்கும்போது எல்லாம் நன்றாக இருந்தது. தூங்கி எழுந்ததும் பழைய பிழை. கொஞ்சம் யோசித்தால் புரிகிறது. ப்ரோப் என்பது சாதனத்தை முதன்முறை கண்டுகொள்ளும்போது ஒரே தடவை நடப்பது. அந்த நேரத்தில் பயாஸ் ஏற்கெனவே சரியான எண்ணை எழுதி வைத்துவிட்டது, என் வரிக்கு வேலையே இல்லை. எழும்போது பயாஸ் எழுதுவதில்லை, ப்ரோப்பும் நடப்பதில்லை. நடப்பது 'இனிட்' மட்டும்தான். அது தொடக்கத்திலும் வரும், ஒவ்வொரு முறை எழும்போதும் வரும். ப்ரோப் என்ற சொல்லை அழித்து இனிட் என்று எழுதினேன். பிழை நீங்கியது.

இன்னொரு பள்ளத்தையும் சொல்ல வேண்டும். என் கணினிக்கு அட்டவணையில் முன்பே ஒரு வரி இருந்தது, உள் மைக்குக்காக யாரோ சேர்த்தது. அதை அழித்துவிட்டு என்னுடையதை வைத்தபோது ஜாக் சரியானது, மைக் போனது. ஒரு திருத்தத்தின் பின்னால் இன்னொன்றைச் சங்கிலியாகக் கோர்க்க டிரைவரில் வசதி இருக்கிறது. என் திருத்தத்தைப் பழையதோடு கோர்த்ததும் இரண்டும் வேலை செய்தன.

சோதிக்க முழுக் கெர்னலையும் தொகுக்கத் தேவையில்லை, ஒலி அடைவின் மாட்யூல்களை மட்டும் தொகுத்தால் போதும். பைப்வயரை நிறுத்தாமல் பழைய மாட்யூலை இறக்க முடியாது. செக்யூர் பூட் இயங்கினால், கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கெர்னல் ஏற்காது; சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு, அந்தச் சாவியைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்புறம் ஆர்டிசிவேக்கை ஐம்பது சுற்றுக்கு விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரு கோயெஃப் வரியைக் கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும்படி செய்திருந்தேன். காலையில் ஐம்பதும் ஒரே எண். ஜாக்கைக் கழற்றியும், செருகியும், மைக்கில் பேசியும், தற்காலிக ஸ்கிரிப்டை நீக்கிவிட்டும் மறுபடி பார்த்தேன்.

திருத்தத்தை மேலே அனுப்பும்போது கெர்னல் பதிப்பு, சப்சிஸ்டம் ஐடி, 'அல்சா-இன்ஃபோ' கருவியின் வெளியீடு ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். எச்டிஏ பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்து வருபவர் தக்காஷி இவாய். அவரிடம் உங்கள் மடிக்கணினி இல்லை. அதனால் விளக்கத்தில் எந்தப் பதிவேடு மாறியது என்பதை மட்டும் எழுதாமல், காலையில் என்ன கேட்டது, இடையில் என்ன நடந்தது, மதியம் என்ன கேட்டது என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதியதில் முதல் வரி, ஆச்சி சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னதுதான்.